ஏழாம் மாதத்து ஊசி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்கள் இருவருக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனை ஆய்வகத்திலும் ரத்த வங்கியிலும் நுட்பநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரூர் பக்கம் சொந்த ஊர். என் கோரிக்கை சின்னது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்.எச். நெகட்டிவ் (ரத்தத்தில் டி என்ற புரதம் இல்லாத) கர்ப்பிணிக்கு, அவள் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்க 28-வது வாரத்தில் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி, உங்கள் இரண்டு மாவட்டங்களில் உள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். அந்தப் பெண் எந்த ஊரில் பதிவு செய்திருந்தாலும், அன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊரிலேயே போட வேண்டும். அதற்கு முன்னால், அவள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏற்கனவே வந்துவிட்டதா என்று பார்க்கிற ஐ.சி.டி. சோதனைக்கும் அங்கேயே ரத்தம் எடுக்க வேண்டும்.

உங்களுக்கு இதன் மருத்துவம் தெரியும். நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் திறந்த மடல் என்று எழுதுகிறபோது, கோப்பை நகர்த்துகிற எழுத்தர் படிப்பார், மருமகளின் அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிற மாமியார் யாரையாவது படித்துக் காட்டச் சொல்வார், பெங்களூரில் சைட்டில் நிற்கிற கணவன் போனில் பார்ப்பான். அவர்களுக்கும் சேர்த்துத்தான் நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்த வகை பார்ப்பதை அருகில் நின்று பார்த்தவர்கள் குறைவு. ஒரு வெள்ளை ஓடு. அதில் மூன்று இடத்தில் மருந்து ஒவ்வொரு சொட்டு: ஏ பார்க்கிற மருந்து நீலம், பி பார்க்கிறது மஞ்சள், டி பார்க்கிறதுக்கு நிறமே கிடையாது. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்து, தனித்தனிக் குச்சியால் கலக்கி, ஓட்டைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது வட்டத்தில் ரத்தம் திட்டுத்திட்டாகத் திரண்டு, நடுவில் தெளிந்தால் பாசிட்டிவ். இரண்டு நிமிடம் ஆன பிறகும் ஒரே சீராகச் சிவப்பாகவே கிடந்தால் நெகட்டிவ் என்று எழுதுவோம். அவசரக்காரர்கள் அரை நிமிடத்தில் ஓட்டைக் கழுவப் போடுவார்கள். அவர்களை நான் ஆய்வகத்தில் வைத்துக்கொள்ள விரும்பியதில்லை.

அந்த மூன்றாவது வட்டத்தில் நாம் தேடுவது டி என்ற ஆர்.எச். புரதத்தை. சிவப்பணுவின் மேலுறை மெல்லிய கொழுப்புப் படலம். கோணி ஊசி புளி மூட்டையின் வாயைத் தைக்கிற மாதிரி, இந்தப் புரதச் சங்கிலி அந்தப் படலத்தில் உள்ளும் புறமுமாக 12 முறை புகுந்து வருகிறது. மொத்தம் 417 அமினோ அமிலங்கள். படலத்துக்கு வெளியே தலைகாட்டுவது சின்னச் சின்ன வளைவுகள் மட்டும்தான். நோய் எதிர்ப்பு மண்டலம் பார்ப்பதும், நம் ஓட்டில் இருக்கிற மருந்து பிடிப்பதும் அந்த வளைவுகளைத்தான்.

இந்தப் புரதத்துக்கு ஒரு வேலை உண்டா என்றால், உண்டு, ஆனால் தனியாக இல்லை. ஆர்.எச்.ஏ.ஜி. என்கிற கூட்டாளிப் புரதத்தோடு சேர்ந்து ஒரு குழுவாகத்தான் இது அணுவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழு உள்பக்கத்தில் ஆங்கிரின் என்கிற புரதத்தின் வழியாக அணுவின் உட்சட்டகத்தோடு பிணைந்து, அணுவின் வடிவம் குலையாமல் காக்கிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ரத்த நுண்குழாயில் நசுங்கி நுழைந்து, வெளியே வந்ததும் பழைய வட்டத்துக்குத் திரும்புகிற சாமர்த்தியத்தில் இந்தப் பிணைப்புக்கும் பங்கு இருக்கிறது. ஆர்.எச். புரதம் ஒன்றுகூட இல்லாமல் பிறக்கிறவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள். முதன்முதலாக 1961-ல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவரிடம் அது தெரியவந்தது. அவர்களுடைய சிவப்பணு வட்டமாக இருக்காது, நடுவில் வாய் பிளந்த வடிவத்தில் இருக்கும், சீக்கிரம் உடையும், லேசான ரத்தசோகை கூடவே இருக்கும். ஆர்.எச்.ஏ.ஜி.யின் இன்னொரு வேலை அம்மோனியாவைப் படலத்தின் வழியாகக் கடத்துவது. அதே குடும்பத்துப் புரதம் ஒன்று சிறுநீரகத்தில் உட்கார்ந்து, உடம்பில் சேரும் அமிலத்தை அம்மோனியா வழியாக வெளியேற்ற உதவுகிறது. குடும்பம் பழையது. பாக்டீரியாவில்கூட இதன் உறவுக்காரப் புரதம் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னது, டி என்ற ஒன்று மட்டும் இல்லாதவருக்கு ஒரு குறையும் இல்லை என்பதைச் சொல்லத்தான். டி-க்கான மரபணு ஒன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. அதை ஒட்டியே அதன் உடன்பிறப்பு மரபணுவும் இருக்கிறது. டி இல்லாத வீட்டில் அந்த உடன்பிறப்பின் புரதம் இடத்தை நிரப்பிக்கொள்கிறது. நெகட்டிவ் ரத்தம் உள்ள பெண் ஏர் ஓட்டலாம், சென்ட்ரிங் பலகை தூக்கலாம், நூறு வயது வாழலாம். நம் நாட்டில் நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேர் இப்படி. ஐரோப்பியர்களில் பதினைந்து பேர். டி இருக்கிறவருக்கும் சிக்கல் இல்லை, இல்லாதவருக்கும் சிக்கல் இல்லை. இல்லாத உடம்புக்குள் இருக்கிற ரத்தம் நுழைந்தால்தான் வினை. அப்படி நுழைகிற இடம் இரண்டு: தவறாக ஏற்றிய ரத்தம், அல்லது கருப்பை.

அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் பிள்ளை பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம். கர்ப்ப காலத்தில் இரண்டு பேர் ரத்தமும் கலப்பதில்லை என்று பள்ளியில் படிப்போம். பெருமளவுக்குச் சரி. ஆனால் கடைசி மூன்று மாதத்தில் துளித்துளியாகக் கசிவு இருக்கும், பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரிகிற நேரத்தில் சில மில்லி வரை அம்மாவின் ரத்தத்தில் சேரும். அவள் உடம்பு அதுவரை கண்டிராத அந்த வளைவுகளைப் பார்த்து, அந்நியன் என்று எதிர்ப்பொருள் செய்ய ஆரம்பிக்கும். முதல் தடவை அது மெதுவாக நடக்கும். முதலில் வருகிற எதிர்ப்பொருள் பெரிய உருவம், நஞ்சைத் தாண்டாது. அதற்குள் பிள்ளை பிறந்து தொட்டிலுக்கு வந்துவிடும். அதனால்தான் முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிக்கிறது. ஆனால் உடம்பு மறப்பதில்லை. அடுத்த கர்ப்பத்தில் அதே புரதத்தைக் கண்டதும் வேகமாகவும் நிறையவும் வருவது சின்ன உருவ எதிர்ப்பொருள். அது நஞ்சைத் தாண்டும். உள்ளே இருக்கிற குழந்தையின் சிவப்பணு ஒவ்வொன்றின் மேலும் ஒட்டும், மண்ணீரல் அவற்றை விழுங்கும். குழந்தைக்கு ரத்தசோகை, இதயம் தளர்ச்சி, உடம்பெல்லாம் நீர் கோத்து வயிற்றிலேயே இறப்பது வரை போகலாம். உயிரோடு பிறந்தால் வேறொரு ஆபத்து. உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் கழிவை அதுவரை அம்மாவின் ஈரல் கவனித்துக்கொண்டிருந்தது. தொப்புள்கொடி அறுந்த நிமிடத்திலிருந்து குழந்தையின் பச்சை ஈரல்தான் பார்க்க வேண்டும். முடியாமல் மஞ்சள் ஏறி, மூளையில் படிந்தால் காது போகும், கைகால் தன் வசத்தில் இருக்காது.

இங்கே மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம், காலை வெயிலில் காட்டினால் போகும் என்று நம் ஊரில் சொல்வார்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வருகிற மஞ்சள் பெரும்பாலும் அந்தச் சாதாரண ரகம்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வருகிற மஞ்சள் அந்த ரகம் இல்லை. அதற்கு வெயில் மருந்தில்லை, அப்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

1939-ல் நியூயார்க்கில் பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் என்ற இருவர் ஒரு தாயைப் பற்றி எழுதினார்கள். வயிற்றிலேயே குழந்தை இறந்து பிறந்தது. ரத்தப்போக்கு. கணவனின் ரத்தம் அவள் வகையோடு பொருந்துகிறது என்று ஏற்றினார்கள், உடம்பு தூக்கிப்போட்டது. குழந்தையை எதிர்த்து அவள் உடம்பு செய்த எதிர்ப்பொருள்தான் கணவனின் ரத்தத்தையும் எதிர்த்தது என்று அவர்கள் ஊகித்தார்கள். அடுத்த ஆண்டு லேண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்.எச். என்று பெயர் வைத்தார்கள். 1945-ல் இங்கிலாந்தில் கூம்ஸ், மொரான்ட், ரேஸ் மூவரும், கண்ணுக்குத் தெரியாமல் அணுவின் மேல் ஒட்டியிருக்கிற எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கிற சோதனையைச் செய்தார்கள். நம் ஆய்வகத்தில் ஐ.சி.டி. என்று சொல்வது அதன் ஒரு வடிவம்தான்.

தடுப்பு வந்தது 1960-களில். எதிர்ப்பொருளைத் தடுக்க அதே எதிர்ப்பொருளையே ஊசியாகப் போடுவது என்ற யோசனை, கேட்டால் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் அம்மாவின் உடம்பு விழித்துக்கொள்வதற்கு முன்னாலேயே, வெளியிலிருந்து போட்ட ஆன்டி-டி போய்க் குழந்தையின் அணுக்களைப் போர்த்திக்கொள்கிறது. அவை ஓசையில்லாமல் அகற்றப்படுகின்றன. உடம்பு அவற்றை நினைவில் எழுதிக்கொள்வதில்லை. இங்கிலாந்தில் லிவர்பூலில் ஒரு குழு, நியூயார்க்கில் ஒரு குழு, இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேலை செய்தன. நியூயார்க் குழு சிங் சிங் சிறையில் இருந்த ஆண் கைதிகளில் முன்வந்தவர்களிடம் சோதித்தது. சிறைக்குள் நினைத்த நேரத்தில் போக அனுமதியில்லை. பாசிட்டிவ் ரத்தம் செலுத்திய பிறகு மறுபடி உள்ளே போய் ஊசி போட மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளியிலும் ஊசி வேலை செய்தது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பிரசவ வார்டில் சொல்லப்படுகிற 72 மணி நேரக் கெடு, ஒரு சிறை நிர்வாகத்தின் கெடுபிடியிலிருந்து வந்தது. உடலியல் கணக்குப் போட்டு வந்தது இல்லை. ஆகவே 72-க்குள் முடிந்தவரை சீக்கிரம் போடுவதே சரி. மூன்றாம் நாள் நினைவு வந்தாலும் விடாமல் போடுவது அதைவிடச் சரி.

1968-ல் அமெரிக்காவில் இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது. அப்போதெல்லாம் இது முழுக்க முழுக்க மனிதர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற ஒருவர் 1954 முதல் 2018 வரை 1,173 முறை கொடுத்தார். 2025-ல் காலமானார். நம் ஊரில் ஒரு யூனிட் கொடுத்துவிட்டு ஒரு வாரம் இளநீர் குடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களைக் கிண்டல் செய்யவில்லை. இப்போது செல் வளர்ப்பில் செய்கிற வகையும் இந்தியாவில் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும், நம் நாட்டின் பட்டியலிலும் ஆன்டி-டி இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஊசி எதுவுமே இல்லாத காலத்தில், பாசிட்டிவ் குழந்தை பெற்ற நெகட்டிவ் தாய்மார்களில் நூற்றுக்கு 16 பேர் வரை அடுத்த கர்ப்பத்துக்குள் எதிர்ப்பொருள் பெற்றார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஊசி போடத் தொடங்கியதும் அது ஒன்று, இரண்டு என்று இறங்கியது. மிச்சம் இருக்கிற அந்த ஒன்றிரண்டு பேர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பிரசவத்துக்கு முன்னாலேயே, கடைசி மூன்று மாதக் கசிவிலேயே உடம்பு விழித்துக்கொண்டவர்கள். 28-வது வாரத்திலும் ஒரு ஊசி சேர்த்தால் அது ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்ற அளவுக்குச் சுருங்குகிறது. ஏன் 28? போட்ட ஆன்டி-டி உடம்பில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். ஏறத்தாழ 12 வாரம் தாக்குப்பிடிக்கும். 28-ம் 12-ம் நாற்பது.

நம் பக்கத்துக் கணக்கில் 28 வாரம் என்பது ஏழு மாதம். ஏழாம் மாதத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கும்? வளைகாப்பு. கை நிறைய கண்ணாடி வளையல், ஏழு வகைச் சாதம், அதோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அதாவது ஊசி போட வேண்டிய அதே மாதத்தில் அவள் ஊர் மாறுகிறாள். அவளை மூன்றாம் மாதத்திலிருந்து பார்த்துவந்த கிராம சுகாதார செவிலியர் பாலக்கோட்டில் இருப்பார், அவள் ஊத்தங்கரையில் இருப்பாள். பாலக்கோட்டுப் பதிவேட்டில் ‘தாய்வீடு சென்றுவிட்டார்’ என்று எழுதி முடியும். ஊத்தங்கரையில் அவள் பெயர் எட்டாம் மாதத்தில்தான் ஏறும், அதுவும் பிரசவ தேதி நெருங்குகிறது என்பதற்காக. நடுவில் இருக்கிற மூன்று நான்கு வாரம் யாருடைய வாரமும் இல்லை. ஊசி விழுகிற பள்ளம் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு மேல் நம் மாவட்டங்களுக்கே உரிய இன்னொன்று. பென்னாகரம், ஏரியூர், அஞ்செட்டி, தளி என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் வீட்டுக்கு ஒருவர் பெங்களூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ இருக்கிறார். கட்டட வேலைக்குக் குடும்பமாகவே போகிறார்கள். அங்கே பதிவு செய்தால் கர்நாடகத்துத் தாயி கார்டு, கன்னடத்தில். இங்கே வந்தால் நம் அட்டை, தமிழில். ஓசூர் பக்கம் வேண்டுமானால் இரண்டையும் படிக்கிற நர்சுகள் இருப்பார்கள். மொரப்பூரில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பெங்களூர் டாக்டர் தமிழ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி எல்லா ரத்தமும் எடுப்பார். அதில் ரத்த வகை வந்துவிடும். ஊசி போட்டாயா, எந்தத் தேதியில் போட்டாய் என்பது வராது.

எனக்கு மறக்க முடியாத ஒரு ரத்த மாதிரி உண்டு. பென்னாகரம் பக்கத்துப் பெண். கணவன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. எட்டாம் மாதத்தில் எங்களிடம் ஐ.சி.டி.க்கு வந்தது. அட்டையில் முதல் கர்ப்பம் என்று இருந்தது. ஐ.சி.டி. என்பது ஓட்டில் பார்க்கிற வேலை அல்ல. அவளுடைய சீரத்தை (ரத்தம் உறைந்ததும் மேலே தெளிகிற நீரை) ஓ பாசிட்டிவ் அணுக்களோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கலந்து, உடம்புச் சூட்டில் வைத்து, உப்பு நீரில் மூன்று முறை அலசி, கூம்ஸ் சீரம் இரண்டு சொட்டு விட்டு, மெஷினில் சுற்ற வேண்டும். அடியில் சிவப்பாக ஒரு பொட்டு சேரும். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விரலால் மெல்லத் தட்ட வேண்டும். நெகட்டிவ் என்றால் பொட்டு கரைந்து நீரில் பரவிவிடும். இவளுடையது கரையவில்லை. ஒரே கட்டியாகக் கழன்று புரண்டது. சீரத்தை இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போனேன். பதினாறு மடங்கில் இருந்தது, முப்பத்திரண்டில் இருந்தது, அறுபத்து நான்கிலும் கட்டி தெரிந்தது. பதினாறைத் தொட்டாலே பெரிய இடத்துக்கு அனுப்பச் சொல்வார்கள்.

முதல் கர்ப்பத்தில் இவ்வளவு வராதே என்று வார்டுக்குப் போய்க் கேட்டேன். மாமியார் வெளியே டீ வாங்கப் போன சமயம். “அதுக்கு முன்னாடி ஒண்ணு அஞ்சு மாசத்துல கலைஞ்சு போச்சுங்க சார், சைட்டுல இருக்கும்போது” என்றாள். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறார்கள். கையில் இருந்த சீட்டில் பில் தொகை இருந்தது, ரத்த வகை இல்லை. ஊரில் பதிவு செய்யும்போது, “இதுதான் முதல் குழந்தையா?” என்று கேட்டிருக்கிறார்கள், ஆமாம் என்றிருக்கிறாள். பொய் இல்லை. கலைந்ததை அவள் வீட்டில் யாரும் குழந்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெங்களூர் சங்கதியைப் பேச வேண்டாம் என்று மாமியார் சொல்லியும் வைத்திருந்தார். குழந்தை குறை மாதத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் பிறந்தது. உடம்பின் ரத்தத்தையே மாற்றினார்கள். பிழைத்தது. ஒரு வருடம் கழித்துக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது.

ஆகவே ஒரு சின்ன மாற்றம் கேட்கிறேன். பதிவு செய்கிறபோது “முதல் குழந்தையா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டு, “இதுக்கு முன்னாடி எத்தனை தடவை நாள் தள்ளிப்போச்சு, ஏதாவது கலைஞ்சுதா, கலைச்சீங்களா?” என்று கேட்கச் சொல்லுங்கள். அதையும் மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டு. நல்ல செவிலியர்கள் பலர் ஏற்கனவே அப்படித்தான் செய்கிறார்கள். நான் பார்த்த வரையில் மாமியார்களை நாசூக்காக வெளியேற்றுவதில் அவர்களுக்கு ஈடில்லை. 12 வாரத்துக்குள் கலைந்ததற்கு ஆன்டி-டி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நம் மருத்துவர்கள் பலர் அதற்கும் போடுகிறார்கள், அது அவர்கள் முடிவு. ஐந்து மாதத்தில் கலைந்ததற்குப் போட வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. கருப்பைக்கு வெளியே கரு தங்கினாலும், நடுவில் ரத்தம் பட்டாலும், வண்டியிலிருந்து விழுந்து வயிற்றில் அடிபட்டாலும் அதே கதைதான். நம் மலைப் பாதைகளில் பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போகிற கர்ப்பிணிகளைப் பார்க்கிறவனுக்கு இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை.

‘பிரசவத்துக்குப் பிறகு போடுகிறோமே, அது போதும்’ என்பது நான் அதிகம் கேட்ட பதில். மேலே சொன்ன ஒன்றிரண்டு பேருக்கு அது போதாது. ‘விலை அதிகம்’ என்பது இரண்டாவது. உண்மைதான், ஒரு ஊசி ஆயிரக்கணக்கில் ஆகிறது, அதனால்தான் வெளியில் எழுதிக்கொடுத்தால் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. ஒரு நிலையத்தின் எல்லையில் ஆண்டுக்கு 400 கர்ப்பிணிகள் என்று வைத்துக்கொண்டால், நெகட்டிவ் இருபது பேர். அதில் கணவனும் நெகட்டிவாக இருக்கிறவர்கள் கழிந்துபோவார்கள். மாதத்துக்கு இரண்டு ஊசி எந்த மாவட்டத்தையும் திவாலாக்காது. ‘குளிர்ச்சி போய்விடும்’ என்பது மூன்றாவது. இதற்குத் தேவை 2 முதல் 8 டிகிரி. தடுப்பூசிகள் எல்லாம் அதே சூட்டில் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியில் சித்தேரி மலையிலும் இருக்கின்றன. அத்தனை குப்பிகளுக்கு இடம் இருக்கிற பெட்டியில் இரண்டுக்கு இடம் இல்லாமல் போகாது.

கணவனின் ரத்த வகையைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் நெகட்டிவ் என்று உறுதியானால் ஊசி தேவைப்படாது. நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது இன்னும் நிற்கவில்லை. அதனால் வேறு எத்தனையோ கேடு உண்டு. ஆனால் டி இல்லாத தன்மை அம்மா, அப்பா இரண்டு பக்கமும் வர வேண்டியது என்பதால், சொந்தத்தில் கட்டியவர்களில் கணவனும் நெகட்டிவாக அமைவது மற்றவர்களைவிடக் கூடுதல். நான் பார்த்த ஒரே நன்மை. ஆகவே கணவனின் விரலிலும் ஒரு குத்து குத்திவிடுங்கள். அவன் வாயால் சொல்கிற வகையை நம்பி ஊசியை நிறுத்த வேண்டாம். டிரைவிங் லைசென்ஸில் ஏஜென்ட் எழுதிய வகை, பள்ளிக்கூட ஐ.டி. கார்டில் வாத்தியார் எழுதிய வகை எல்லாம் ஓட்டில் போட்டுப் பார்த்தால் மாறியிருப்பதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

ஆய்வகத்துக்கு ஒரு வரிசை முக்கியம். ஐ.சி.டி.க்கு ரத்தத்தை முதலில் எடுத்துவிட்டு, பிறகு ஊசி போட வேண்டும். மாற்றிச் செய்தால், போட்ட ஊசியே சோதனையில் பாசிட்டிவாகத் தெரிந்து, இல்லாத நோய்க்கு அந்தப் பெண்ணைப் பெரிய ஊருக்கு விரட்டுவோம். ஐ.சி.டி. ஏற்கனவே பாசிட்டிவ் என்றால் ஊசியால் பயனில்லை. அவளுக்கு வேண்டியது வாரம் தவறாத ஸ்கேன். குழந்தையின் மூளை ரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை டாப்ளரில் பார்த்தே உள்ளே ரத்தசோகை எவ்வளவு என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் வயிற்றுக்குள் இருக்கும்போதே குழந்தைக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். அந்த வசதி இருக்கிற ஊருக்கு அவளை அனுப்புவதற்கு 102 வண்டியோ வேறெதுவோ, அதற்கு ஒரு தெளிவான வழியும் உங்கள் உத்தரவில் இருக்கட்டும்.

பிரசவ அறையில் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் வகை பார்ப்பது இப்போது பெரும்பாலும் நடக்கிறது, சந்தோஷம். அங்கே ஒரே ஒரு குறை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்கிறவர்களுக்கு, இனிப் பிள்ளை இல்லையே என்று ஊசியை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நாளைக்கு விபத்தில் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், பிள்ளையை இழந்து அறுவையைத் திருப்பிச் செய்துகொள்ளலாம். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். போட்டுவிடுங்கள்.

அட்டையைப் பற்றி: எழுத்து வேண்டாம், ஒரு முத்திரை போதும். நெகட்டிவ் என்றால் அட்டையின் முகப்பிலேயே சிவப்பு மையில் ஒரு பெரிய கழித்தல் குறி. அதன் கீழே மூன்று கட்டம்: ஐ.சி.டி. தேதி, 28-வது வார ஊசி தேதி, பிரசவத்துக்குப் பிந்தைய ஊசி தேதி. எண்கள் மட்டும். வேப்பனப்பள்ளியில் தெலுங்கு பேசுகிறவரும், தளியில் கன்னடம் பேசுகிறவரும், பெங்களூர் வாணி விலாஸ் அரசு மருத்துவமனை வாசலில் நிற்கிற டாக்டரும் ஒன்றுபோலப் படிக்க முடியும். கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிற நம் அரசின் கணினிப் பதிவான பிக்மி எண்ணில் இந்த விவரம் ஏறுகிறதா என்று கணினிக்காரர்களைக் கேளுங்கள். ஏறினாலும் அட்டையில் முத்திரை வேண்டும். கர்நாடகத்தில் பிக்மி திறக்காது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், கையில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. அரசு நடத்துகிற சமுதாய வளைகாப்பு. மண்டபத்தில் நூறு கர்ப்பிணிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், எல்லார் மடியிலும் அட்டை இருக்கும், பெரும்பாலும் ஏழாவது, எட்டாவது மாதம். சந்தனம் பூசி வளையல் போடுகிற வரிசையிலேயே ஒரு செவிலியரும் ஒரு ஆய்வக நுட்பநரும் ஒரு ஐஸ் பெட்டியும் இருந்தால் போதும். அட்டையைத் திருப்பிப் பார்த்து, நெகட்டிவ் என்றால் ரத்தம் எடுத்து, ஐ.சி.டி. முடிவு வந்ததும் அவள் எந்த ஊருக்குப் போகிறாளோ அந்த ஊர் நிலையத்துக்கு அன்றே போனில் சொல்லிவிடலாம். சமூகநலத் துறையோடு பேச வேண்டியிருக்கும். இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் ஒரு கூட்டத்தில் முடித்துவிடக்கூடிய பேச்சு.

புதிதாக வேலைக்கு வந்த ஆய்வக நுட்பநர்களுக்கு ஐ.சி.டி. குழாயைத் தட்டிப் பார்க்கிற பக்குவத்தைக் காட்ட ஆள் வேண்டும் என்றால், நான் வருகிறேன். தருமபுரியோ கிருஷ்ணகிரியோ, எந்த நிலையமானாலும் சரி, பஸ் செலவு என்னுடையது. கூம்ஸ் சீரமும் சுத்தமான குழாய்களும் மட்டும் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர்,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்